ஸ்டியரிங் ஆடுகிறதா? முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய 2004 மாடல் டாடா 407-ஐ இப்போது நான் ஓட்டுகிறேன். ஓசூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்கு ராத்திரியில் காய்கறி லோடு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் கையில் நிற்காமல் இடமும் வலமும் அடிக்கிறது. வேகத்தை இருபதுக்குக் குறைத்தால்தான் அடங்குகிறது. முன்டயர் இரண்டும் புதிது. பேலன்ஸிங், அலைன்மென்ட் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. இன்னொருவர் முன்பக்கம் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். என்ன செய்யட்டும் ஐயா?
— வாசகர், ஸ்ரீராம்புரம், பெங்களூரு

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் உள்ளே தேய்வது நேராகப் போகும் நடுப்பகுதியில்தான். நடுவில் இருக்கும் ஆட்டத்தை ஸ்க்ரூ வைத்து இறுக்கினால், தேயாத ஓரப்பகுதி வளைவில் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். கோளாறு வேறு இடத்தில் இருக்க, பாக்ஸைக் கெடுக்கிற வேலை இது.

பள்ளத்தில் விழுந்ததும் ஆரம்பித்து, வேகம் குறையும்வரை அடிக்கிறது என்கிறீர்கள். டயர் பேலன்ஸ் கோளாறு அப்படி வராது; அது பள்ளம் இல்லாத ரோட்டிலும் குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கமாகத் தெரியும். உங்கள் வண்டியில் ஏதோ ஒரு மூட்டு தேய்ந்திருக்கிறது, அல்லது முன் அச்சின் சாய்வு மாறியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்காமல் ஒரு சாமான்கூட வாங்காதீர்கள்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம். கிளீனரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். கை பிரேக்கும் கட்டாயம். நீங்கள் அடியில் படுத்து வரிசையாகப் பாருங்கள்: ஸ்டியரிங் தண்டில் (காலம்) இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட், ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க், இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட், கடைசியில் சக்கரம். ஒரு மூட்டின் இந்தப் பக்கம் அசைந்து அந்தப் பக்கம் அசையாமல் நின்றால், தேய்மானம் அங்கேதான். மூட்டின் மேல் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் கைக்குத் தெரியும். பாக்ஸை ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். அது தளர்ந்திருந்தால் பாக்ஸே சேர்ந்து நகரும்.

அப்புறம் அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் இருந்தால் கிங் பின்னா (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி), வீல் பேரிங்கா என்ற சந்தேகம் வரும். ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின். இதைக் கிரீஸ் அடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். புதுக் கிரீஸ் இடைவெளியை நிரப்பித் தேய்ந்த பின்னையும் நல்ல பின்போலக் காட்டிவிடும். எனக்கு இதில் மிகுந்த கவலை உண்டு. கழுவி, கிரீஸ் அடித்து, பளபளவென்று கொண்டுவந்து "செக் பண்ணுங்க" என்று நிறுத்தும் வண்டியில் கோளாறு ஒளிந்துகொண்டிருக்கும்.

இன்னொன்று கேட்கிறேன்: சமீபத்தில் முன்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வேலை நடந்ததா? கிங் பின் மேல்முனை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் தானாக நேருக்கு வரும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வும் அதே காரணத்துக்குத்தான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு இருந்து, அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் அந்தச் சாய்வு கெட்டுவிடும். எல்லாச் சாமானும் புதிதாக இருந்தாலும் வண்டி ஆடும். பட்டையின் முனையில் இருக்கும் ஷாக்கிள் புஷ், பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட் இரண்டையும் அதோடு பாருங்கள்.

கிங் பின்தான் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சாமான் வாங்க ஜே.சி. ரோட்டுக் கடைகளுக்குப் போகும்போது பழைய சாமானைக் கையோடு எடுத்துப் போங்கள். டை ராட்டின் இரு முனை மூட்டுகளில் (டை ராட் எண்ட்) ஒன்று இடமரை, ஒன்று வலமரை. மாற்றி வாங்கி வராதீர்கள். கிங் பின் உட்காரும் புது புஷ்ஷை மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில், துளையை அளவாகக் குடையும் ரீமர் போட்டு எடுக்க வேண்டும். எமரி பேப்பர் வைத்துத் தேய்க்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். புது கிங் பின், முன் அச்சின் துளையில் லொடலொடவென்று இறங்கினால் துளையே தேய்ந்திருக்கிறது. அப்போது கிங் பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. நட்டைக் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாகப் போடுங்கள். அலைன்மென்ட் பார்ப்பது மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான். லூஸாக இருக்கும் மூட்டில் வைத்த அளவு முதல் பள்ளத்திலேயே மாறிவிடும்.

மூட்டில் ஆட்டம் தெரிந்தால் அது சரியாகும்வரை லோடு ஏற்றாதீர்கள் தம்பி. டை ராட் எண்ட் கழன்றால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும், சக்கரம் அதன் இஷ்டத்துக்குப் போகும். ஓசூர் ரோட்டில் ராத்திரி பக்கத்தில் பைக்கில் போகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் லாரியில் பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறது. இதுவும் கிங் பின்தானா?
— வாசகர், கே.ஆர். புரம்

பதில்: பெரும்பாலும் இல்லை. முன் பிரேக் டிரம் வட்டம் கெட்டிருக்கும். இரண்டு பக்க டிரம்மையும் கழற்றி லேத்தில் கொடுத்து அளந்து, ஒரே அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். கம்பெனி சொல்லும் அதிகபட்ச அளவைத் தாண்டியிருந்தால் புது டிரம்தான். டிரம் வெளியே வந்திருக்கும்போதே சக்கர ஹப் சீலில் கிரீஸ் கசிந்து பிரேக் லைனிங்கில் பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பட்டிருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அந்த லைனிங்கைத் துடைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள்.