கரீபியன் சிறுதொழில்களுக்கு ஏற்றுமதி ஆலோசனை: காரைக்கால் அப்பா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பெண் பிரான்சின் லெ ஆவ்ர் நகரில் சர்வதேச வணிகம் முதுகலை கடைசி ஆண்டு படிக்கிறாள். இன்டர்ன்ஷிப்புக்கு இரண்டு இடங்கள் வந்திருக்கின்றன. ஒன்று பெரிய கப்பல் நிறுவனம். மற்றது, கரீபியன் தீவுகளின் சிறுதொழில்காரர்கள் தங்கள் பொருளையும் டிஜிட்டல் சேவையையும் ஐரோப்பாவில் விற்க உதவும் சின்ன ஆலோசனை நிறுவனம். அவள் இரண்டாவதுதான் வேண்டும் என்கிறாள். "கிரிக்கெட்டைத் தவிர அந்தப் பக்கம் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான் ஐயா, நல்ல வேலை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கண்காட்சிக்கு ஆள் திரட்டுவது, அறிக்கை எழுதுவது, கூட்டத்துக்குக் குறிப்பெடுப்பது என்று ஆறு மாதம் போனால் கையில் ஒன்றும் நிற்காது. ஒரு சரக்கு, ஒரு பாட்டில், ஒரு ஒப்பந்தம் ஐரோப்பிய விதிகளைத் தாண்டி வாங்குபவர் கைக்குப் போகும் வரை கூடவே இருந்து வேலை கற்றால், அவளுக்கு எந்தக் காலத்திலும் வேலை இருக்கும். அது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரிந்தால் பாதிக் கவலை குறைந்துவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்படோஸில் சாப்பாட்டு மேஜைக்கு மேஜை ஒரு மஞ்சள் நிற மிளகாய் சாஸ் இருக்கும். ஸ்காட்ச் பானெட் மிளகாய், கடுகு, மஞ்சள், வெங்காயம், வினிகர் எல்லாம் சேர்ந்தது. அதைச் சின்னப் பட்டறையில் தயாரித்து அமெரிக்காவுக்கும் அனுப்பும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்கும் அதே பாட்டிலை ஜெர்மனியில் கடை அலமாரியில் வைக்க முடியாது. காரணம் ருசியில் இல்லை, லேபிளில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதி, ஒவ்வாமை தரும் பொருட்கள் என்று 14 வகைகளைச் சொல்கிறது. அவற்றில் கடுகும் ஒன்று. பொருட்பட்டியலில் அந்தச் சொல் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ தனித்துத் தெரிய வேண்டும். அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் கடுகு கிடையாது, அதனால் அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்து சத்து விவரம். அமெரிக்க லேபிளில் ஒரு வேளைக்குப் பரிமாறும் அளவுக்குக் கணக்கு போடுவார்கள். ஐரோப்பாவில் 100 கிராம் அல்லது 100 மில்லிக்குச் சொல்ல வேண்டும், கிலோஜூல், கிலோகலோரி இரண்டிலும். எழுத்து ஜெர்மனில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பொறுப்பேற்கும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் வேண்டும். நிறத்துக்கு டார்ட்ராசின் சேர்த்திருந்தால், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அந்த வாசகத்தோடு ஒரு சாஸை எந்தக் கடைக்காரர் விரும்பி வாங்குவார்? ஆக, சாயத்தை எடுத்துவிட்டு மஞ்சளை வைத்தே நிறத்தைச் சரிசெய்ய முடியுமா என்று பட்டறையில் உட்கார்ந்து பேச வேண்டும். பாட்டிலின் பின்னால் "ஜீரணத்துக்கு நல்லது" என்று ஒரு வரி இருந்தால் அதையும் எடுக்க வேண்டும், ஏனென்றால் உடல்நலம் பற்றிய வாசகங்களில் ஒன்றியம் அனுமதித்தவற்றை மட்டும்தான் போடலாம்.

மூன்று நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை அது. இதற்கெல்லாம் தனியாக ஆள் வைக்க அவரால் முடியாது. உங்கள் பெண்ணின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

சுங்கம் அடுத்த கட்டம். கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கரிஃபோரமும் ஐரோப்பிய ஒன்றியமும் 2008 அக்டோபரில் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஹைட்டி கையெழுத்திட்டாலும் இன்னும் நடைமுறைப்படுத்தவில்லை. மற்ற 14 நாடுகளின் பொருட்களும், ஆயுதங்கள் நீங்கலாக, ஐரோப்பாவுக்குள் சுங்க வரியும் அளவுக் கட்டுப்பாடும் இல்லாமல் போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரக்கு உண்மையிலேயே அந்த நாட்டில் உருவானது என்று காகிதத்தில் காட்டினால்தான் அந்தச் சலுகை. 6,000 யூரோ வரையான சரக்குக்கு ஏற்றுமதியாளரே இன்வாய்ஸில் குறிப்பிட்ட வாசகத்தை எழுதினால் போதும். அதற்கு மேலே போனால் பொதுவாகச் சுங்கத்துறை தரும் 'இ.யூ.ஆர்.1' சான்றிதழ் வேண்டும். வேறு நாட்டிலிருந்து வாங்கிய மூலப்பொருள் சேர்ந்திருந்தால், அது எவ்வளவு, எந்த விதிக்குள் வருகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். வழியில் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாற்றினால் சரக்கு சுங்கக் கண்காணிப்பிலேயே இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பிரிட்டனுக்கு அனுப்புவதானால் இது வேறு கதை. 2021 ஜனவரி 1 முதல் அவர்களுக்குத் தனி ஒப்பந்தம். லேபிளிலும் பிரிட்டன் முகவரி வேண்டும்.

இந்தச் சிறுதொழில்களுக்கு இத்தனை அக்கறை ஏன் என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அந்தத் தீவுகள் வாழைப்பழத்தையும் சர்க்கரையையும் நம்பி இருந்தன. 1975-இன் லோமே ஒப்பந்தம் அவற்றுக்கு ஐரோப்பாவில் தனிச் சலுகை கொடுத்தது. உலக வர்த்தக அமைப்பில் லத்தீன் அமெரிக்க நாடுகளும் அமெரிக்காவும் வழக்குத் தொடர்ந்து, வாழைச் சலுகை தேய்ந்தது. சர்க்கரைக்கு உறுதியான விலையும் போயிற்று. செயின்ட் கிட்ஸ் 2005-இல் சர்க்கரைத் தொழிலையே மூடிவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே பயிரை நம்பிய ஊர்கள் அவை. இப்போது சாஸ், கொக்கோ, சோப்பு, ரம், அனிமேஷன், மென்பொருள் என்று சின்னச் சின்னதாக வேறு வழி தேடுகின்றன. அந்த முயற்சி ஒரு லேபிளில் தட்டி நின்றுபோவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை.

டிஜிட்டல் சேவைக்கு வருகிறேன். அதற்குக் கப்பலும் வேண்டாம், சுங்கமும் வேண்டாம், எளிது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஐந்து பேர் நடத்தும் அனிமேஷன் ஸ்டுடியோ பாரிஸில் உள்ள ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு வேலை செய்கிறது என்போம். வாங்குபவர் நிறுவனம் என்றால் வாட் வரியை அவரே தன் நாட்டில் கணக்குக் காட்டிக்கொள்வார், இன்வாய்ஸில் அதற்கான குறிப்பு மட்டும் வேண்டும். அதே ஸ்டுடியோ ஒரு செயலியை நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்றால், முதல் யூரோவிலிருந்தே வாங்குபவரின் நாட்டு விகிதத்தில் வாட் கட்ட வேண்டும். 27 நாடுகளிலும் தனித்தனியாகப் பதிய வேண்டியதில்லை, ஒரே நாட்டில் பதிந்து அத்தனைக்கும் கட்டலாம் என்பது ஆறுதல். ஐரோப்பியர்களின் தனிப்பட்ட தகவல்கள் கைக்கு வந்தால் 2018 மே முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதி உண்டு. ஐரோப்பிய வாடிக்கையாளர், தகவல்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான ஒன்றியத்தின் மாதிரி ஒப்பந்தப் பிரிவுகளில் கையெழுத்துக் கேட்பார். அது என்ன என்று ஸ்டுடியோவுக்குப் புரியும்படி யாராவது சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி பணம் வந்து சேர்வது. 2010-களின் நடுவில் பெரிய வெளிநாட்டு வங்கிகள் பல, சின்னக் கரீபியன் வங்கிகளோடு வைத்திருந்த, வெளிநாட்டுப் பணம் வந்து சேர உதவும் தொடர்புக் கணக்குகளை மூடத் தொடங்கின. அபாயத்தோடு ஒப்பிட்டால் லாபம் போதாது என்பது அவர்கள் கணக்கு. விளைவு, வேலை முடிந்து பணம் வரத் தாமதம், கட்டணம் அதிகம். இதற்குத் தீர்வு ஒப்பந்தம் போடும்போதே வேண்டும்: எந்த வங்கி வழியாக, எந்த நாணயத்தில், முன்பணம் எவ்வளவு, கட்டணம் யார் தலையில் என்று. இதை முதலிலேயே கேட்கத் தெரிந்த ஆலோசகர் அந்த ஸ்டுடியோவுக்குப் பெரிய துணை.

2008 ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சமையல்காரர், மாடல், இசைக்கலைஞர், நடனக்கலைஞர் போன்றவர்கள்கூட ஒப்பந்தத்தின் பேரில் ஐரோப்பா சென்று, 12 மாதத்தில் ஆறு மாதம் வரை சேவை செய்ய அது இடம் கொடுக்கிறது. தகுதி நிபந்தனைகள் உண்டு, நாட்டுக்கு நாடு விலக்குகளும் உண்டு. விசா வேறு தனி. ஜமைக்காக்காரருக்குக் குறுகிய பயணத்துக்கே ஷெங்கன் விசா வேண்டும், பார்படோஸ்காரருக்கு வேண்டாம். எழுதிவைத்த உரிமையை எத்தனை கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று உங்கள் பெண்ணை விசாரிக்கச் சொல்லுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு நல்ல தலைப்பு.

அப்புறம் ஒன்று, காரைக்கால்காரர் என்பதால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மார்ட்டினிக், குவாதலூப் இரண்டும் பிரான்சின் பகுதிகள், ஆகவே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பவை. 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், மாரியம்மன் கோயில்களோடு. டொமினிக்கா தீவு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டொமினிக்காவின் சோப்புத் தயாரிப்பாளருக்கு ஐரோப்பா என்பது படகுப் பயணம்தான். ஆனால் படகில் இறங்கும் இடத்திலேயே அதே அழகுசாதன விதி காத்திருக்கிறது. ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவர், பாதுகாப்பு மதிப்பீடு, விற்பனைக்கு முன் மின்னணுப் பதிவு எல்லாம் வேண்டும். லேபிள் பிரெஞ்சில். ஆங்கிலம் பேசும் தீவுக்கும் பிரெஞ்சு பேசும் தீவுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசக்கூடியவர்கள் குறைவு. உங்கள் பெண்ணுக்கு இரண்டும் வரும். அதோடு ஸ்பானிஷும் கற்றால் டொமினிக்கன் குடியரசின் பக்கமும் போகலாம். இந்த வட்டாரத்தில் ஐரோப்பாவுக்கு ஆர்கானிக் வாழை அனுப்புவதில் முன்னால் நிற்கும் நாடு அது.

சரி, வேலை எங்கே கிடைக்கும்? பார்படோஸில் தலைமையகமும் சாண்டோ டொமிங்கோவில் கிளையும் உள்ள கரீபியன் எக்ஸ்போர்ட், ஜமைக்காவின் ஜாம்ப்ரோ, எக்ஸ்போர்ட் பார்படோஸ், எக்ஸ்போர்ட் செயின்ட் லூசியா எல்லாம் இதே வேலையைச் செய்பவை. ஆனால் அங்கே போவதையே முதல் திட்டமாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரிகாம் என்ற கரீபியன் சமூக நாடுகளின் பட்டதாரிகளுக்கு அங்கே தாராளமாக வேலை செய்ய உரிமை உண்டு, வெளியாளுக்கு வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்பது நியாயமும்கூட. அவளுக்கு ஏற்ற இடம் வாங்குபவர் பக்கம்: பிரான்சிலும் நெதர்லாந்திலும் உள்ள உணவு, அழகுசாதன இறக்குமதி நிறுவனங்கள், சரக்கு அனுப்பும் ஏஜென்சிகள், ஒழுங்குமுறை ஆலோசனை நிறுவனங்கள். கொஞ்சம் அனுபவம் வந்தபின் ஜெனிவாவின் சர்வதேச வர்த்தக மையம், வளரும் நாடுகளிலிருந்து இறக்குமதியை ஊக்குவிக்கும் நெதர்லாந்தின் சி.பி.ஐ. போன்றவற்றுக்கு முயலலாம்.

நிலையான வேலையா என்றால், மறைக்காமல் சொல்கிறேன், இதில் பெரும்பகுதி திட்ட நிதியை நம்பியது. ஐரோப்பிய நிதி வரும் வரை பதவி, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம். அதனால்தான் விதி அறிவு முக்கியம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அது எந்த ஊருக்கும் செல்லும். 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததால் ஐரோப்பா முழுக்க பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள். நம் ஊர் ஏற்றுமதியாளர்களுக்கும் இதே ஆள் தேவை. கப்பல் நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை, அங்கே ஒழுங்கும் சம்பளமும் உண்டு. ஆனால் ஒரு சரக்கின் முழுக் கதையும் புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு அங்கே வருவது கடினம்.

இப்போதே தொடங்க அவளுக்கு இரண்டு சொல்லுங்கள். இறக்குமதி விதிகளைக் காட்டும் ஒன்றியத்தின் அக்சஸ்டுமார்க்கெட்ஸ் இணையதளத்தில் பார்படோஸ் சாஸ் ஒன்றை ஜெர்மனிக்கு அனுப்புவதாக வைத்து, சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டிலிருந்து கடைசிச் சான்றிதழ் வரை தானே ஒரு கோப்பு தயாரிக்கட்டும். ஹெச்.ஏ.சி.சி.பி. உணவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை முடிக்கட்டும்.

இன்டர்ன்ஷிப்பை ஒப்புக்கொள்ளும் முன் அந்த நிறுவனத்தை அவள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஆறு மாதத்தில் எத்தனை தொழில்களின் கோப்புகள் என் பொறுப்பில் வரும்? இப்போதைய திட்ட நிதி எப்போது முடிகிறது? என் வேலையைத் தினமும் பார்த்துத் திருத்துபவர் யார்? பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை சட்டப்படி கட்டாயம், அந்தத் தொகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பதில்களை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் ஐயா. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தையும் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.