ஆய்வு முறையியல் வகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியலைப் புரியும்படி எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்தப் பாடம்தான் எடுக்கிறேன். வரையறைகளையும் மாதிரி (யாரிடமிருந்து தகவல் திரட்டுகிறோமோ அந்தக் குழு) வகைகளையும் முதல் வாரத்தில் தொடவே வேண்டாம் என்பேன். யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்ற கேள்வி முதலில் மனதில் பதியட்டும்.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது 1854 லண்டன் காலரா. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று வாதிட்ட மருத்துவர் ஜான் ஸ்நோ. அவர் பெயரைச் சொன்னாலே, காலரா பரவக் காரணம் என்று அவர் கண்டுபிடித்த பிராட் தெரு அடிகுழாயைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆய்வு வடிவமைப்புக்கு அவருடைய இன்னொரு வேலைதான் பொருத்தம். தென் லண்டனுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. சதர்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி நகரச் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரை பாட்டர்சியில் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள தேம்ஸ் டிட்டனுக்கு மாறிவிட்டது.

கரும்பலகையில் முதல் ஏழு வாரச் சாவுகளை மட்டும் எழுதுவேன்: சதர்க்-வாக்ஸ்ஹால் வீடுகளில் 1,263, லாம்பெத் வீடுகளில் 98, லண்டனின் மற்ற பகுதிகளில் 1,422. எங்கே நிலைமை மோசம்? "மற்ற பகுதிகளில்" என்று பாதி வகுப்பு சொல்லும். அப்புறம் அதே வரிசையில் வீடுகளின் எண்ணிக்கை: 40,046; 26,107; 2,56,423. பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று அவர்களே வகுத்துப் பார்க்கட்டும். சுமார் 315, 38, 55 வரும்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். லாம்பெத் தண்ணீர் குடித்தவர்கள் வசதியானவர்களாக இருந்திருந்தால்? யாராவது இதைக் கேட்கும்வரை காத்திருங்கள். பல தெருக்களில் இரண்டு கம்பெனிக் குழாய்களும் சேர்ந்தே ஓடின. ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லாமல் அடுத்தடுத்த வீடுகளுக்கு வேறு வேறு தண்ணீர் போனது. குழப்பும் மாறி (வசதியைப் போல, நாம் ஒப்பிடும் காரணத்தோடு கலந்து முடிவைத் திசைதிருப்பக்கூடிய வேறொரு காரணம்) என்ற சொல்லை அந்த இடத்தில் சொன்னால் மறக்கவே மாட்டார்கள். தங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று குடியிருந்த பலருக்கே தெரியாது. ஸ்நோ தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டு உப்பின் அளவைச் சோதித்து, எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கண்டுபிடித்தார். பாட்டர்சி நீரில் சுமார் 40 மடங்கு உப்பு. அளவீட்டைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரி, பிறகு அவர்கள் தலைப்புக்கு வாருங்கள். "கைபேசிப் பயன்பாடு மதிப்பெண்ணில் ஏற்படுத்தும் தாக்கம்" என்று ஒருவர் வருவார். கூகுள் ஃபார்ம் தயாராக இருக்கும், வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் பாக்கி. போட விடாதீர்கள். கடைசியில் வரப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல், வெறும் கட்டங்களாக வரையச் சொல்லுங்கள். ஃபார்மில் உள்ள எந்தக் கேள்வி எந்தக் கட்டத்துக்குப் போகிறது? கட்டம் கிடைக்காத கேள்விகளை அவர்களே அடித்துவிடட்டும். கைபேசியை அதிகம் தொடாதவர்கள் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்களா என்ற சந்தேகமும் அப்போது வந்துவிடும். மாதிரியெடுப்பை அன்றைக்கு நடத்துங்கள்.