அடைப்புக்குறிக்குள் இரண்டு லட்சம்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 27. மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமம். தனியார் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன், சம்பளம் 19,000. தைக் கடைசியில், பிப்ரவரி 5-ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை மன்னார்குடி பக்கம். உரக்கடையில் கணக்கு எழுதுகிறார், வீட்டில் பதினைந்து மா (சுமார் ஐந்து ஏக்கர்) நிலம். நல்ல மனிதர்தான். ஆனால் தேனிலவு என்று பேச்செடுத்தாலே நோட்டைத் திறந்துவிடுகிறார்.

பனி விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் கோலத்தை நனைக்கிறதே, அவ்வளவுதான். நிச்சயத்தன்று அவரிடம் சொன்னேன். "அதுக்கென்ன, போகலாம்" என்றார். இப்போது 50,000-க்கு மேல் ஒரு ரூபாய் முடியாதாம். முதலில் கொடைக்கானல் என்றார், அங்கேயும் பனி இருக்குமாம். புல்லில் படிகிற உறைபனியும் பனிப்பொழிவும் ஒன்றா? பிறகு மணாலி என்றார், அதுவும் ரயிலில். சென்னையிலிருந்து டெல்லிக்கு 33 மணி நேரம், அங்கிருந்து பஸ்ஸில் ஒரு ராத்திரி. கல்யாணமான நாலாம் நாள் மூன்றாம் ஏசி மேல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டு போக வேண்டுமா நான்?

பெரியம்மா மகள் போன வருஷம் குல்மார்க் போய் வந்தாள். அவள் வீட்டுக்காரர் ஒரு பேச்சுப் பேசவில்லை. நானும் விசாரித்துவிட்டேன். திருச்சியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானம், குல்மார்க்கில் மூன்று ராத்திரி, தால் ஏரிப் படகு வீட்டில் ஒரு ராத்திரி, எல்லாம் சேர்த்து 90,000. பிப்ரவரி 9 கிளம்பினால் 14-இல் திரும்பிவிடலாம். என் சிம் பிரீபெய்டு, காஷ்மீரில் எடுக்காது. அவருடையது போஸ்ட்பெய்டு, அது போதும். குறைகிற 40,000-ஐ நானே போடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். கார்டில் ஆறு தவணை தருகிறார்கள் (ஏற்கெனவே தம்பி படிப்புக்கு என் பெயரில் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் 12-ஆம் தேதி 7,200 போகிறது, இன்னும் 28 மாதம் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது, கல்யாணம் முடிந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள்). அதற்கும் அவர் ஒத்துவரவில்லை. "உன் காசும் நம்ம காசுதானே" என்கிறார். அந்த 'நம்ம'வில்தான் கஞ்சத்தனம் இருக்கிறது.

போன வாரம் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சேமிப்பு 1,65,000. மண்டப பாக்கி 70,000. குறுவை நெல் மழையில் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டதால் வெளியில் விலை குறைத்துத் தள்ளிய வகையில் 22,000. பைக் தவணை 3,100. கைக்காவலுக்கு 20,000. கீழே கோடு போட்டு, 'நமக்கு 50,000'. கட்டிக்கப்போகிறவளுக்கு அனுப்புகிற படமா இது?

குல்மார்க்கா, மணாலியா? இந்தக் கஞ்சத்தனத்தோடு காலம் தள்ள முடியுமா?

— பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஊர் ஊராக விலை விசாரித்திருக்கிறீர்கள். சிம் கார்டு வரை யோசித்திருக்கிறீர்கள். அந்த அக்கறை உங்கள் கணக்கில் ஒரே ஒரு தொகைக்கு மட்டும் இல்லை. 7,200-ஐ 28-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2,01,600 ரூபாய். அதை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு, 40,000 ரூபாய்க்காக ஒரு பக்கம் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

அவர் அனுப்பிய படத்தை உங்கள் வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். நெல் நனைந்ததை, பைக்குக் கடன் இருப்பதை, கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே கட்டிக்கப்போகிறவளிடம் எழுதிக் காட்டுகிற ஆண்கள் நம் பக்கம் அதிகம் இல்லை. மாப்பிள்ளை வீட்டு நிலம் எத்தனை மா என்று பெண் வீட்டுக்குத் தெரியும். அதன்மேல் எவ்வளவு கடன் என்பது தாலி ஏறிய பிறகுதான் மெதுவாக வெளியே வரும். இவர் தன் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டார். உங்கள் பக்கம் மூடியிருக்கிறது. அந்த நோட்டுப் பக்கம் உங்களைக் குத்தியதற்குக் காரணம் அந்த 50,000 மட்டும்தானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பியைப் படிக்க வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. 19,000 சம்பளத்தில் 7,200 கட்டிக்கொண்டு, யாரிடமும் கை நீட்டாமல் இருந்திருக்கிறீர்கள். அது தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய விஷயம். அதைத் திருட்டுப் பொருள்போல ஒளித்து வைக்கச் சொன்னது அம்மாவின் பயம். கல்யாணம் தட்டிப்போய்விடுமோ என்ற அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 27 வயதில் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, கையெழுத்து உங்களுடையது. 'அம்மா சொன்னார்கள்' என்பதை மார்ச் மாதம் உங்கள் கணவர் ஏற்கமாட்டார். நானும் ஏற்கவில்லை.

'நிதானமாக' என்கிறீர்கள். உங்கள் திட்டப்படியே பார்ப்போம். பிப்ரவரி 12 அன்று குல்மார்க்கில் இருப்பீர்கள். தவணை போகும், உங்கள் போனுக்குச் செய்தி வராது. 14-ஆம் தேதி டெல்லியில் விமானம் மாறும்போது போன் உயிர் பெற்று, தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாக வந்து விழும், வங்கிச் செய்தியும் சேர்த்து. அப்போது போன் யார் கையில் இருக்கும்? மாதாமாதம் 12 வந்தால் இந்தப் பதைப்பு. அதன்மேல் கார்டுத் தவணை ஆறு மாதத்துக்கு வட்டி இல்லாவிட்டாலும் சுமார் 6,700 வரும். இரண்டும் சேர்ந்தால் 13,900. உங்களுக்கு மிஞ்சுவது 5,100. இதை எந்த நோட்டில் எழுதி எப்படி மறைப்பீர்கள்? 'உன் காசும் நம்ம காசுதானே' என்று அவர் சொன்னது கஞ்சத்தனமா இல்லையா என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அந்த 'நம்ம'வுக்குள் உங்கள் கடனும் அடங்குமா என்று அவரிடமே கேளுங்கள். அந்தப் பதிலில் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

எப்படிச் சொல்வது? வாட்ஸ்அப்பில் வேண்டாம். முதலில் அம்மாவிடம், 'நான் சொல்லப்போகிறேன்' என்று தெரிவித்துவிடுங்கள், அனுமதி கேட்காதீர்கள். பிறகு அவரை நேரில் பார்த்து, வங்கிக் கணக்கு அறிக்கையைக் கையில் கொடுங்கள். எவ்வளவு பாக்கி, எப்போது முடியும், கல்யாணத்துக்குப் பிறகு கட்டப்போவது நீங்களா, தம்பிக்கு வேலை கிடைத்ததும் அவனா, இந்த மூன்றும் தெளிவாக இருக்கட்டும். அழுகையோடு ஆரம்பித்தால் அவர் உங்களைத் தேற்றுவதில் இறங்கிவிடுவார், விஷயம் நகராது. அவருக்குக் கோபம் வரலாம். 'ஏன் இத்தனை நாள் சொல்லலை' என்பது நியாயமான கேள்வி. 'பயந்தேன்' என்பதே போதுமான பதில். இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் துரத்தாதீர்கள். கடனைக் கேட்டு விலகுகிறவர் என்றால், அது பிப்ரவரி 5-க்கு முன்பு தெரிவது உங்களுக்கு நல்லது.

பனிக்கு வருகிறேன். குல்மார்க் அழகுதான், ஆனால் இழுத்துப் பிடித்த பட்ஜெட்டுக்குப் பொல்லாத ஊர். பனி கொட்டினால் அடிவார ஊரான தங்மார்க்கிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள், மேலே 13 கிலோமீட்டர் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான். காற்று பலமாக அடித்தால் கொண்டோலா என்கிற ரோப் காரின் இரண்டாம் கட்டம் ஓடாது. ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும். ஒரு நாள் மாட்டிக்கொண்டால் அறை வாடகை, புது டிக்கெட் எல்லாம் கைக்காசு. உங்கள் 90,000-இல் அதற்கு இடமே இல்லை. அவ்வளவு செலவழித்தும் பனி நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் வெறும் புல்லாகக் கிடந்தன.

அவர் சொன்ன மணாலி, நீங்கள் நினைப்பதைவிட யோசித்துச் சொன்னது. மணாலி ஊருக்குள் பிப்ரவரி நடுவில் தரையில் பனி இல்லாமலும் இருக்கலாம், அதைப் பார்த்து முகம் சுருங்காதீர்கள். 14 கிலோமீட்டரில் சோலாங், 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்தைத் தாண்டினால் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சிஸ்ஸு. அங்கே கிடைக்கும். கடும் பனிப்பொழிவு நாளில் 4x4 வண்டிகளைத்தான் விடுவார்கள், அதனால் டாக்ஸி பேசும் முன் காலையில் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ரயில், பஸ் போகவர இருவருக்கும் சுமார் 15,000, நாலு ராத்திரி அறை 8,000, டாக்ஸி 6,000, சாப்பாடு 8,000, உடுப்பு 3,000. நாற்பதில் முடியும். மீதிப் பத்தாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். ரயில் காலையில் டெல்லி சேரும், பஸ்ஸை மாலைக்குப் போடுங்கள். மூடுபனியில் ரயில் ஏழெட்டு மணி நேரம் தாமதமானாலும் அந்த இடைவெளி தாங்கும்.

ஜீன்ஸ் போட்டுப் பனியில் உட்காராதீர்கள், ஊறிப்போய் சாயங்காலம்வரை காயாது. உள்ளே தெர்மல், நடுவே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத உடை. வெளியுடுப்பும் பூட்ஸும் சோலாங் போகும் வழியில் வாடகைக்குக் கிடைக்கும். கம்பளிக் காலுறை மட்டும் இரண்டு ஜோடி கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயு ரத்தத்தில் ஹீமோகுளோபினை என்ன செய்யும் என்று ஆய்வகத்தில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேல் படுக்கை பிடிக்காது என்றால் அதை அவரிடம் சொல்லுங்கள், கீழ்ப் படுக்கை கேட்டுப் போடுவார். பிப்ரவரி 9 ரயிலுக்கான முன்பதிவு 60 நாளுக்கு முன், டிசம்பர் 11 காலை 8 மணிக்குத் திறக்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.