ஆபாசமும் தடையும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பத்திரிகைச் சுதந்திரம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. வயதுவந்த ஒருவர் தன் வீட்டுக்குள் எதைப் பார்க்கிறார் என்பது அரசாங்கத்தின் வேலை இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கு 13 வயதில் ஒரு பையன் இருக்கிறான். அவன் போனில் என்ன இருந்தது என்று பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைவிட மோசம், எங்கள் கோயில் வாட்ஸாப் குழுவில் காவடி அறிவிப்புக்குக் கீழே ஒரு பெண்ணின் வீடியோ வந்தது. பக்கத்து ஏரியா, நம் பெண்தான் என்கிறார்கள். 'நம் பெண்கள் போகிற போக்கைப் பாருங்கள்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இந்தத் தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரன் ஆட்சியில் ஆயிரம் கொடுமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த அசிங்கம் இல்லை. 1994ல் அந்த ஆட்சி போன பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன கெட்டுப்போகும்? இதையும் சுதந்திரம் என்று நியாயப்படுத்துவீர்களா?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

*

அன்புள்ள தம்பி,

'இந்த அசிங்கம் இல்லை' என்கிறீர்களே, இருந்தது. உங்களுக்கு வயது போதாது, அவ்வளவுதான்.

நம் டர்பனிலிருந்தே ஸ்கோப் என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. உள்ளே அரைகுறை உடையில் பெண்கள், மார்புக்காம்பின் மேல் மட்டும் ஒரு நட்சத்திரம். சட்டத்துக்குப் பயந்து அச்சடித்த நட்சத்திரம். என் அண்ணன் அதை மெத்தைக்கு அடியில் வைத்திருப்பான். மெத்தை தட்டிப்போடுவது வீட்டில் என் வேலை என்பதால் அந்தப் பெண்கள் எல்லாரும் எனக்கும் பழக்கம். நட்சத்திரம் இருக்கிறதே என்று அண்ணன் பார்க்காமல் விட்டதில்லை. அதனால் அந்தப் பெண்களுக்கு ஒரு மரியாதை கூடிவிட்டதாகவும் தெரியவில்லை. தணிக்கை அதிகாரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அந்த அதிகாரிகள் ஆபாசத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். 1963ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1974ல் அதை இன்னும் இறுக்கி, தடையை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் வழியையே அடைத்தார்கள். ஆபாசம், மத நிந்தனை, நாட்டின் பாதுகாப்பு எல்லாம் அந்தச் சட்டத்தில் ஒரே பட்டியலில் இருந்தன. நிறவெறியை எதிர்த்து எழுதிய நடீன் கார்டிமரின் நாவலை 1979ல் தடை செய்தது இதே சட்டத்தின் பெயரால்தான். (டிவியே மக்களைக் கெடுத்துவிடும் என்று பயந்த ஆட்சி அது. இந்த நாட்டுக்கு டிவி வந்தது 1976ல்.)

அப்புறம் ஒழுக்கக்கேட்டுச் சட்டம். 1927ல் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையிலான உறவைக் குற்றமாக்கினார்கள், 1950ல் இந்தியரான நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் மரத்தில் ஏறி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கதவைத் தட்டி உள்ளே வந்து, படுக்கை விரிப்பில் சூடு இருக்கிறதா என்று கையை வைத்துத் தடவிப் பார்த்தார்கள். 1985 வரை இது இந்த நாட்டின் சட்டம். அசிங்கம் எது என்று பேசுவதானால், நான் அந்தப் போலீஸ்காரனின் கையிலிருந்துதான் தொடங்குவேன்.

நான் எழுதிய அந்த வரியும் அங்கிருந்து வந்ததுதான். ஆபாசப் படத்தைக் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று 1967ல் ஒரு சட்டம் வந்தது. எது ஆபாசம் என்று அதில் ஒரு பட்டியல்: வன்புணர்ச்சி இருந்தது, ஓரினச்சேர்க்கை இருந்தது, வெறுமனே காமம் என்றும் இருந்தது. எல்லாம் ஒரே தட்டில். 1996ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. நம் நேட்டால் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஜான் டிட்காட் அதில் எழுதியதன் சாரம் இது: என் வீட்டுக்குள், எனக்கென்று மட்டும் நான் எதை வைத்திருக்கிறேன் என்பது என் விஷயம், சமூகத்துக்கோ அரசுக்கோ அதில் வேலை இல்லை. அந்த விரிப்பைத் தடவிய காலத்தைப் பார்த்த ஒருவர் வேறு எப்படி எழுதுவார்?

அதே நீதிமன்றத்துக்கு 2003ல் இன்னொரு வழக்கு வந்தது. குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்ததாக ஒரு திரைப்படத் தயாரிப்பாளர் மேல் குற்றச்சாட்டு. ஆவணப்படத்துக்கான ஆராய்ச்சி என்றார் அவர். கருத்துச் சுதந்திரம், அந்தரங்கம் என்று அந்தச் சட்டத்தையே எதிர்த்துப் போனார். நீதிமன்றம் அசையவில்லை, தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. இங்கேயும் பூட்டிய வீடுதான், பார்ப்பவர் வயதுவந்தவர்தான். ஆனால் படத்தில் இருப்பது குழந்தை. அந்தப் படம் கைமாறும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் மானமும் சேர்ந்து கைமாறுகிறது.

இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் நான் நிற்கிற இடம் தெரியும். பார்க்கிறவருக்கு அருவருப்பாக இருக்கிறதா என்று சட்டம் கேட்கத் தொடங்கினால் ஆட்சிக்கு ஆட்சி பதில் மாறும். படத்தில் இருக்கிறவர் சம்மதித்தாரா, சம்மதிக்கிற வயதா என்றுதான் அது கேட்க வேண்டும். சம்மதமும் லேசான விஷயம் இல்லை. வாடகை கட்ட வழியில்லாமல் கேமரா முன் நிற்பவளின் சம்மதத்தை எவ்வளவு தூரம் நம்புவது? சுதந்திரம் பேசுகிற என் நண்பர்கள் இந்த இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு எனக்கு ஓயாத சண்டை உண்டு.

இப்போது உங்கள் கோயில் வீடியோ. அதை ஆபாசம் என்ற தலைப்பிலேயே நீங்கள் சேர்த்திருக்கக் கூடாது. அது அந்தப் பெண்ணிடமிருந்து திருடிய பொருள். அடுத்தவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்புவது சைபர் குற்றச் சட்டப்படி குற்றம், 3 ஆண்டு வரை சிறை. 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் செய்த போலிப் படமாக இருந்தாலும் விடமாட்டார்கள். முதலில் எடுத்துவிட்டவன் மட்டும் மாட்டுவான் என்று நினைக்காதீர்கள், 'நம் பெண்கள் போகிற போக்கு' என்று எழுதி ஃபார்வர்ட் செய்த பெரியவரும் அதே பிரிவில்தான் வருவார்.

உங்கள் கடிதத்தில் அந்தப் பெண் இருக்கிறாள், அரசாங்கம் இருக்கிறது, நானும் இருக்கிறேன். அனுப்பியவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் வருகிற வெள்ளிக்கிழமையும் தீபாராதனைத் தட்டோடு முன்னால் நிற்பார். அந்தப் பெண்ணின் அம்மா கோயிலுக்கு வருவதை நிறுத்தியிருப்பார். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் இப்படித்தான் நடந்தது. பண்பாடு கெட்டுப்போகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களே சுடச்சுட அனுப்பியும் வைக்கிறார்கள். இவர்கள் கையில் தடை செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தால் முதலில் யாரைத் தடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

குழு அட்மினிடம் அதை நீக்கச் சொன்னீர்களா? யார், எந்த நேரத்தில் அனுப்பினார் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டார் போலீசுக்குப் போக விரும்பினால் அந்த விவரம் வேண்டியிருக்கும்.

பையன் விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்கு ஆபாசப் படம் காட்டுவது 2007 பாலியல் குற்றச் சட்டத்திலேயே குற்றம். வயதுவந்தோருக்கான படத்தை விற்கிற கடைக்கும் உரிமம் வேண்டும். இன்டர்நெட்டிலும் செல்போனிலும் முழுக்கவே தடுத்துவிடலாம் என்று 2010ல் உள்துறைத் துணை அமைச்சர் மாலுசி கிகாபா பேசிப் பார்த்தார். அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தாலும் உங்கள் பையன் வகுப்பில் ஒருவன் வழி கண்டுபிடித்திருப்பான்.

அவன் உடம்பைப் பார்த்தான் என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த மாதிரிப் படங்கள் பலவற்றில் பெண் வேண்டாம் என்று சொல்வதே இல்லை, சொன்னாலும் அது விளையாட்டு என்று காட்டுகிறார்கள். 13 வயதில் அதைப் பாடமாக எடுத்துக்கொள்வானே, அதுதான் கவலை. நம் வீடுகளில் இந்தப் பேச்சை அப்பா அம்மாவிடம் தள்ளுவார், அம்மா பள்ளிக்கூடத்திடம் தள்ளுவார், பள்ளிக்கூடம் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பும். நீங்களே பேசுங்கள். கூச்சமாக இருந்தால் கார் ஓட்டிக்கொண்டு பேசுங்கள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் குழு வீடியோவை அவனும் பார்த்திருப்பான், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் குழுவில் நீங்கள் எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள். எழுதினீர்களா என்று அவன் கேட்பான்.

அன்புடன்,
அக்கா