காற்றடிக்கும் கயாக்கோடு அரியமான் கடலில் இறங்கலாமா?

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு பேர் உட்காரும், காற்றடித்து ஊதி ஓட்டும் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஒன்று வாங்கியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயில் ஓட்டி நன்றாகப் பழகியாச்சு. மே கடைசியில் உச்சிப்புளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். 11 வயது மகளையும் ஏற்றிக்கொண்டு அரியமான் கடலில் ஓட்டலாமா? பாம்பன் பாலத்துக்கு அடியில் போய் வர முடியுமா? குருசடைத் தீவு பக்கத்தில்தானே, அதுவரை போகலாமா? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? அரியமானில் அலையே இருக்காது என்கிறார்கள், அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன்."

அரியமானில் ஓட்டலாம், ஆனால் ஒரு கட்டுக்குள். பாலத்துக்கு அடியில் வேண்டாம். குருசடைக்கு உங்கள் கயாக்கில் போகவே கூடாது. இந்த மூன்றையும்விட என்னை யோசிக்க வைத்தது உங்கள் கடைசி வரி. மே மாத அரியமானில் அலை இல்லாததற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் அங்கே ஒரு காற்றுப் படகைக் கரைக்குத் திரும்ப விடாமல் தள்ளிக்கொண்டு போகும்.

ராமேசுவரத்தை நோக்கிப் போகப் போக நம் ராமநாதபுரம் மாவட்டத்து நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். அரியமான், பிரப்பன்வலசை, தேவிபட்டினம், தொண்டி எல்லாம் வடகடல் கரை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் தென்கடல் கரை. மே நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வரும். அது தென்கடலில் நெடுந்தூரம் தடையில்லாமல் ஓடி வருவதால் அலையை எழுப்பிக்கொண்டே வந்து கரையில் மோதுகிறது. அதே காற்று நிலத்தைத் தாண்டி வடகடலுக்கு வரும்போது அலை எழுப்ப அதற்கு அங்கே தூரமே இல்லை. கரையிலிருந்து கிளம்பி இனிமேல்தான் ஓட வேண்டும். அதனால் கரையோரம் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். பனை ஓலை சலசலத்துக்கொண்டிருக்கும், காலடியில் சிற்றலை மட்டும் இருக்கும். பார்ப்பவருக்கு, கடலில் இறங்க இதைவிட நல்ல நாள் இல்லை என்றுதான் தோன்றும்.

அந்தக் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசுகிறது. போகும்போது படகு வழுக்கிக்கொண்டு போகும், நமக்குத் துடுப்பு நன்றாகப் பிடிபட்டுவிட்டது என்றுகூடத் தோன்றும். முந்நூறு நானூறு மீட்டர் போனதும் மரங்களின் மறைவு தீர்ந்துவிடும். காற்று முழு வேகத்தில் பிடிக்கும், சின்னச் சின்ன நுரைத்தலைகள் தெரிய ஆரம்பிக்கும். அப்போதுதான் திரும்பிப் பார்ப்பீர்கள். காற்றடித்த கயாக்குக்கு எடை குறைவு, தண்ணீருக்கு மேலே நிற்கும் உடம்பு அதிகம், தண்ணீருக்குள் பிடிமானம் கிட்டத்தட்ட இல்லை. அசைவில்லாத நீரில் புதிதாக ஓட்டுபவர் மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்று 25 கிலோமீட்டருக்கு ஏறினால் அவர் இழுக்க இழுக்கப் படகு நின்ற இடத்தில் நிற்கும். கை ஓய்ந்தால் பின்னால் போகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையால் துடுப்புப் பிடித்து உதவவும் முடியாது.

வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். வாடைக்காற்றில் அரியமான் பக்கம் அலை கரையை அறையும், தென்கடல் கரை அடங்கிக் கிடக்கும். அப்போது ஏமாற்றுவது தென்கடல். அதனால் எந்த மாதம் வந்தாலும் அலையைப் பார்க்காதீர்கள். கையில் கொஞ்சம் உலர்ந்த மணலை எடுத்து மேலே இருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் அன்று உங்கள் எல்லை இடுப்பளவு ஆழம், அவ்வளவுதான்.

எந்த மாதம் நல்லது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனி. வாடை ஓய்ந்து தென்மேற்கு தொடங்காத இடைவெளி அது. இரண்டு கடலும் ஓரளவு அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். பள்ளி விடுமுறை மேயில் வருவதற்குக் கடல் என்ன செய்யும்!

சரி, மே கடைசியில்தான் வர முடியும் என்றால் இப்படிச் செய்யுங்கள். விடிந்தவுடன் இறங்கி எட்டு, எட்டரைக்குள் கரையேறிவிடுங்கள். பெரும்பாலான நாட்களில் வெயில் ஏற ஏறத்தான் காற்றும் ஏறும். முதல் நாள் இரவே இந்தியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். நாட் கணக்கில் இருக்கும், ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 10 நாட்டுக்கு மேல் போட்டிருந்தால் மகளை ஏற்றாதீர்கள். அரியமானில் கரைக்கு இணையாக மட்டும் ஓட்டுங்கள், நேராக உள்ளே போக வேண்டாம். இறங்கினால் மகளுக்குக் கால் எட்டும் ஆழத்தில் ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடற்புல்லும் மீன்குஞ்சும் அங்கேதான் அதிகம், வேடிக்கை பார்க்க அதுதான் இடம். கரைக்கு இணையாகப் போகும்போதும், முதல் பாதியைக் காற்று எதிர்ப்படும் திசையில் வைத்துக்கொள்ளுங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று உதவும்.

காற்று அன்று ஒத்துவராவிட்டால் பயணம் வீண் என்று நினைக்க வேண்டாம். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையின் சூழல் சுற்றுலா நடக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் கூட்டிப்போகிறார்கள். மரங்கள் காற்றை மறிக்கும், கூட ஆள் இருப்பார்கள். முதல்முறை உப்புத்தண்ணீரில் ஓட்டும் குடும்பத்துக்கு அரியமானைவிட அதைத்தான் நான் சொல்வேன். பிரப்பன்வலசையில் கயாக், நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை இரண்டுக்கும் பயிற்சி தருகிறார்கள். ஒரு காலை அவர்களோடு போய்வந்தால் அந்தக் கரையின் காற்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

பாம்பன் பாலம். 2025-ல் திறந்த புதிய ரயில் பாலம், பக்கத்தில் சாலைப் பாலம். இரண்டையும் தண்ணீரிலிருந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு கடலும் ஒன்றுக்கொன்று தண்ணீர் மாற்றிக்கொள்ளும் குறுகிய வாய் அது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடலிலிருந்து வடகடலுக்கும், வாடையில் மறுபக்கமும் நீரோட்டம் ஓடும். சாலைப் பாலத்தில் நின்று தூண்களைப் பாருங்கள். ஒவ்வொரு தூணின் பின்னாலும் தண்ணீர் சுழிவது தெரியும். தூணில் குறுக்காக ஒட்டிக்கொண்ட காற்றுப் படகை நீரோட்டம் விடாது, தூணில் படிந்திருக்கும் சிப்பி அதன் அடியைக் கிழித்துவிடும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் வேகம். தனுஷ்கோடி அரிச்சல்முனையும் இதே வகை, அங்கே காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குருசடைக்கு வருவோம். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் சேர்ந்ததுதான் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. தீவில் கால் வைத்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். தீவைச் சுற்றிய தண்ணீரும் பூங்காதான். குருசடையைப் பார்க்க வேண்டுமானால் வனத்துறை நடத்தும் படகு இருக்கிறது, பாம்பன் பக்கம் குந்துகாலில் விசாரியுங்கள். கூடவே மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டையோ, செத்த கடல் குதிரையையோ, கடல் அட்டையையோ எடுத்துப் பையில் போடக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவையும், மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசுவும் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கின்றன.

மற்றபடி அனுமதி விஷயத்தில் ஒன்று. இது எல்லைக் கடல். கடற்படை, கடலோரக் காவல்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் மூவரும் கண் வைத்திருக்கும் கரை. யாரென்று தெரியாத படகு கரையில் இறங்கினால் விசாரிப்பார்கள். அருகிலுள்ள கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்தில், இந்தக் கரையில் இத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஆதார் அட்டையை நனையாத உறையில் போட்டுக் கையோடு வையுங்கள். அதைவிட முக்கியம், அந்தக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம், "அண்ணே, இங்கே ஓட்டலாமா, வலை எங்கே கிடக்கு?" என்று கேட்பது. காற்று எப்போது திரும்பும் என்றும் அவரே சொல்லிவிடுவார். உங்களைக் கண்ணில் வைத்துக்கொள்ள ஓர் ஆளும் கிடைத்தாயிற்று. அக்கா வீட்டில் யாராவது ஒருவர் கரையில் நிற்கட்டும்.

மே கடைசியில் இன்னொரு விஷயமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகள் மட்டும்தான். மற்ற நாட்களில் ஆழத்துக்கு அடித்துச் செல்லப்பட்டால் எதிரே ஒரு விசைப்படகாவது வரும். இந்த இரண்டு மாதம் அந்த வாய்ப்பும் குறைவு. மண்டபம், பாம்பன் பக்கம் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் விசைப்படகுகளுக்கு நடுவே புகுந்து ஓட்ட வேண்டாம். முன்கயிற்றில் குறுக்காக மாட்டினால் கயாக் ஒரு நொடியில் கவிழும்.

சாமான்களில் நான் பிடிவாதமாக இருப்பது இரண்டில். லைஃப் ஜாக்கெட், நங்கூரம். ஜாக்கெட் அவரவர் எடைக்குரியதாக இருக்க வேண்டும். நீச்சல் குளத்துக்கு விற்கும் ஊதுபை சட்டை ஜாக்கெட் ஆகாது. மகளுக்கு மாட்டி, எல்லா வாரையும் இழுத்துக் கட்டி, தோள்பட்டைப் பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் ஏறிக் காதைத் தொட்டால் அது பெரிய அளவு. கடையில் "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் கூட எடுங்க" என்பார்கள். கேட்காதீர்கள். கால் இடுக்கில் மாட்டும் வார் இருந்தால் நல்லது.

நங்கூரம் சொன்னால் கயாக்காரர்கள் சிரிப்பார்கள். வடகடலில் அதுதான் கைகொடுக்கும். இந்தக் கடல் ஆழம் குறைந்தது, கரையிலிருந்து வெகுதூரத்துக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் இருக்கும். ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரமும் 20 மீட்டர் கயிறும் போதும். திரும்ப முடியவில்லை என்று தெரிந்த அந்த நிமிடமே போட்டுவிட்டு, கயிறு முழுவதையும் விட்டு, முன்பக்கத்தில் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு இருந்தால் பிடிக்கும். பக்கவாட்டில் கட்டினால் கவிழும். கை ஓயும்வரை இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடலாம் என்று இருந்துவிட்டால், அதற்குள் கயிறு போதாத ஆழத்துக்குப் போயிருப்பீர்கள்.

நின்றாயிற்றா, இப்போது போன். நனையாத உறைக்குள் கழுத்தில் தொங்க வேண்டும், படகின் பையில் அல்ல. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்பு 1093. தூரத்தில் படகு தெரிந்தால் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். ஒரு கையை ஆட்டினால் டாட்டா காட்டுகிறார்கள் என்று அவர்களும் காட்டிவிட்டுப் போவார்கள், நடப்பதுதான். கவிழ்ந்தால் படகை விடக் கூடாது. கரை கண்ணில் தெரிகிறது என்று நீந்தக் கிளம்புவதுதான் உயிரை எடுக்கும். தெர்மாகோல், பாட்டில் மிதவைகளில் வலையோ நண்டுக்கூடோ இருக்கும். பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளும் இருக்கும். சும்மா இளைப்பாற அவற்றைப் பிடிக்காதீர்கள், ஒருவருடைய அன்றாடச் சோறு அது. அடித்துச் செல்லப்படும்போது பிடித்துக்கொண்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

வெறுங்காலோடு இறங்க வேண்டாம். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதிக்காமலிருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள். முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் நீரால் கழுவுங்கள், மணலால் தேய்க்க வேண்டாம்.

கரையேறியதும் வெயிலில் முழுக்காற்றோடு படகைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே காற்று சூடாகி விரிந்து ஒட்டு விட்டுவிடும். கொஞ்சம் இறக்கி நிழலில் வையுங்கள், மாலையில் நல்ல தண்ணீரில் வால்வைக் கழுவுங்கள்.

மே வருவதற்குள் கண்மாயில் ஒன்று பழகிக்கொள்ளுங்கள். ஓட்டத் தெரிந்துவிட்டது என்கிறீர்கள். ஜாக்கெட் போட்டு, மகளோடு, கழுத்தளவு தண்ணீரில், கயாக்கை நீங்களே கவிழ்த்து, நிமிர்த்தி, முதலில் அவளை ஏற்றி, பிறகு நீங்கள் ஏறிப் பாருங்கள். தரையில் காலை ஊன்றாமல் ஏற வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் இருவரும் மேலே வர முடியாவிட்டால் இந்த முறை காரங்காட்டுக்கே போங்கள்.