காசியில் வெட்டிப்பேச்சு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகன் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கிறான். சாயங்காலம் எப்போது போன் செய்தாலும் “அஸ்ஸியில பக்கைத்தி நடக்குதும்மா, அப்புறம் பேசறேன்” என்கிறான். விசாரித்தால், அஸ்ஸி என்பது காசியில் கங்கைக் கரைப் பகுதியாம்; பக்கைத்தி என்றால் நண்பர்கள் கூடி ஒருவரையொருவர் ஓட்டுவதாம், வெட்டிப்பேச்சாம். படிப்பு என்னாகுமோ என்று கவலையாக இருக்கிறது. நீங்கள் அந்த ஊரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

பரீட்சைக்கு முதல் நாளும் அங்கேயே கிடந்தால் கண்டியுங்கள். மற்ற நாட்களில் விட்டுவிடுங்கள்.

அஸ்ஸியில் பப்பு டீக்கடை பெஞ்சில் வக்கீலும் ஆராய்ச்சி மாணவரும் கட்சிக்காரரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரைக் கூப்பிட்டாலும் ‘குரு’தான். ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இந்த முறை ஆட்சி இவர்களுக்குத்தான் என்று அடித்துச் சொல்வார். “குரு, போன தடவை நீங்க கைகாட்டின ஆளுக்கு டெபாசிட்டே போச்சே!” என்பார் எதிரில் இருப்பவர். வாய் நிறைய பான். சாறு வழியாமலிருக்க முகவாயை அண்ணாந்தபடியே முன்னவர் பதிலடி கொடுப்பார். அந்தக் குழறலைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு உங்கள் மகனுக்கு இந்தி வந்திருந்தால், எந்த வகுப்பும் அதைச் சொல்லித் தந்திருக்காது.

கெட்ட வார்த்தையும் தாராளமாக வரும், மறைக்க விரும்பவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் இந்திப் பேராசிரியராக இருந்த காசிநாத் சிங், இந்தப் பேச்சுகளை வசவுகளோடு அப்படியே ‘காசி கா அஸ்ஸி’ என்ற நாவலாக்கினார். அவரும் அந்த வட்டத்தில் ஒருவர். வயதும் பதவியும் பார்த்து யாரையும் விட்டுவைக்காததுதான் அங்கே எனக்குப் பிடித்தது. பட்டம் வாங்கியவரின் வாதத்தைப் படகோட்டி ஒரே வரியில் கவிழ்ப்பார், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எனக்குள்ள கவலை வேறு. எல்லா கூட்டமும் இப்படி இருப்பதில்லை. விடுதி அறைகளில் பக்கைத்தி என்ற பெயரில் ஒரே பையனைத் தினமும் நோண்டுவார்கள். அவன் சாதி, அவன் நிறம், அவன் தட்டுத்தடுமாறிப் பேசும் இந்தி. தெற்கிலிருந்து போகிறவனுக்கு ‘மதராசி’ என்ற பட்டம் தயாராகவே இருக்கும். திருப்பி ஓட்ட முடியாதவனை ஓட்டுவது வதைதான். கூடச் சிரிக்கவில்லையென்றால் “விளையாட்டுக்குச் சொன்னோம்” என்று பழியையும் அவன் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

அதனால் எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். “இன்னைக்கு யார்டா மாட்டினது? நீ யாரை ஓட்டினே?” என்று கேளுங்கள். நாளுக்கொரு பெயர் வந்தால் நிம்மதியாக இருங்கள். அவன் பேச்சை மாற்றினால், அடுத்த வாரமே ரயிலேறி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.