‘ஹேட்’ என்று சொன்னால் மார்க் போய்விடுமா?

கேள்வி: அடுத்த மாதம் எனக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு. பேசும்போது ‘பிடிக்காது’ என்பதற்கு ‘டோன்ட் லைக்’, ‘ஹேட்’ இரண்டும்தான் வாயில் வருகின்றன. பயிற்சி மையத்தில் 60 சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, ‘ஹேட் சொன்னால் மார்க் போய்விடும்’ என்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஐந்து சொற்கள் போதும். ‘ஹேட்’ சொன்னதற்காக எந்தத் தேர்வாளரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. 11 முதல் 14 நிமிடம் நடக்கும் பேச்சுத் தேர்வில் நான்கு அளவுகோல்கள் உண்டு. சொல்வளம் அவற்றில் ஒன்று, அதாவது கால் பங்கு. பேண்ட் 7 (ஒன்பதுக்கு ஏழு) வாங்க, அதிகம் புழங்காத சொற்கள் சிலவற்றை, எது எதனோடு சேரும் என்று தெரிந்து பயன்படுத்தினால் போதும். இடம் தெரியாமல் வந்து விழும் பெரிய சொல்லைவிட, சரியான இடத்தில் வரும் ‘ஹேட்’ எவ்வளவோ மேல்.

பட்டியலில் உள்ள கோளாறு, எல்லாச் சொற்களையும் ‘வெறு’ என்ற ஒரே பொருளில் அடைத்திருப்பதுதான். பள்ளியிலேயே தொடங்கும் வியாதி இது. அடிக்கோடிட்ட சொல்லுக்கு இணைச்சொல்லை டிக் செய்தால் ஒரு மதிப்பெண் என்று வருடக்கணக்கில் பழக்கிவிட்டு, அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அன்றாடப் பேச்சுக்கு ‘கான்ட் ஸ்டாண்ட்’ ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். நம் ‘தாங்கவே முடியாது’தான் அது. வரிசையில் நிற்பது, ஹாரன் சத்தம், ஒரு ஆள் என எதற்கும் வரும். ‘டிடெஸ்ட்’ அதைவிடக் கொஞ்சம் அழுத்தமானது. ‘லோத்’ என்பதில் அருவருப்பு கலந்திருக்கும். அதன் கடைசி ஒலி, ‘அது’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘த’. குரல் எழுப்பாமல் வெறும் காற்றாக விட்டால் அது ‘மனமில்லாத’ என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். ‘டெஸ்பைஸ்’ என்றால் இளக்காரம், தாழ்வாகப் பார்ப்பது. லத்தீன் வேரே ‘கீழ்நோக்கிப் பார்’ என்பதுதான். கோழையை, துரோகியைச் சொல்லலாம். கத்தரிக்காயை ‘டெஸ்பைஸ்’ செய்வதாகச் சொன்னால் கேட்பவர் விழிப்பார். ‘அபோர்’ அறச்சீற்றத்துக்கு உரியது: வன்முறை, சித்திரவதை, சாதிக்கொடுமை. பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கு அது வேண்டாம். டிடெஸ்ட், டெஸ்பைஸ், அபோர் மூன்றிலும் அழுத்தம் இரண்டாவது அசையில்.

இனி, மதிப்பெண் உண்மையில் எங்கே போகிறது என்று பார்ப்போம். ‘மிகவும் வெறுக்கிறேன்’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு ‘ஐ வெரி ஹேட்’ என்று சொல்வதில் போகிறது. ‘ரியலி ஹேட்’, ‘அப்சல்யூட்லி லோத்’ என்றுதான் வர வேண்டும். ‘ஐ ஆம் ஹேட்டிங்’ வேண்டவே வேண்டாம். டிடெஸ்ட், லோத், கான்ட் ஸ்டாண்ட் மூன்றுக்கும் பின்னால் ‘-இங்’ சேர்த்துப் பழகுங்கள்: ‘ஐ டிடெஸ்ட் வெயிட்டிங்’. ‘ஐ டிடெஸ்ட் டூ வெயிட்’ தவறு.

‘ஹேட்’ என்பது ‘-இங்’, ‘டூ’ இரண்டையும் ஏற்கும். இதை நிதானமாகப் படியுங்கள், பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘ஐ ஹேட் சேயிங் சாரி’ என்றால் மன்னிப்புக் கேட்கும் பழக்கமே பிடிக்காது. ‘ஐ ஹேட் டூ சே திஸ்’ என்றால், சொல்லச் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன் என்ற பணிவு. அங்கே வெறுப்பே கிடையாது. ‘ஐ ஹேட் டூ பாதர் யூ’வும் அப்படித்தான், ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும்’ என்பதற்குச் சமம். முன்னால் ‘வுட்’ சேர்ந்தால் ‘டூ’தான் வரும்: ‘ஐ வுட் ஹேட் டூ மிஸ் த ட்ரெயின்’. ரயிலைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற கவலை அது. ‘ஐ ஹேட் டூ வெயிட்’ என்று பொதுவாகச் சொல்பவர்களும் உண்டு, குறிப்பாக அமெரிக்கர்கள். அதுவும் தவறில்லை. ஆனால் அதைப் பார்த்து ‘டிடெஸ்ட் டூ’, ‘லோத் டூ’ என்று போய்விடாதீர்கள்.

அந்த 60 சொல் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். இப்படிப்பட்ட பட்டியல்களில் ‘எக்ஸிக்ரேட்’, ‘அபாமினேட்’ எல்லாம் இருக்கும். ஆங்கிலேயரே பேச்சில் எடுக்காத சொற்கள். எண்ணிக்கை கூடினால் கட்டணத்தைக் கூட்டலாம் என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. ‘இந்த மாதக் கேள்விகள் கைவசம் இருக்கின்றன, ரெடிமேட் பதில் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. ஒப்பித்த வாக்கியம் பளபளவென்று ஓடி, அடுத்த வாக்கியம் திக்கும்போதே தெரிந்துவிடும். மதிப்பிடும் அளவுகோல்கள் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அதையே அச்சடித்து விற்பவர்களை என்னவென்று சொல்வது!

ஒரு நாளைக்கு ஒரு சொல். உங்கள் வாழ்க்கையில் நிஜமாகவே பிடிக்காத மூன்று விஷயங்களை அந்தச் சொல்லோடு சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ‘பிகாஸ்’ போட்டு ஒரு காரணமும் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது ‘வெரி’, ‘டூ’ இரண்டையும் மட்டும் வேட்டையாடுங்கள். மூன்றாம் நாள், பார்க்காமல் திரும்பச் சொல்லுங்கள். ‘அபோர்’க்கு மூன்று விஷயம் கிடைக்கவில்லையென்றால் ஒன்றோடு விட்டுவிடலாம், தேர்வில் அதற்கு இடம் வருவதே அரிது.